லென்ஸின் பெயரில் இல்லாத இலக்கம்

ஒவ்வொரு வருசமும் ஆடி அமாவாசை முடிந்து இரண்டு நாளுக்குள் பேஸ்புக்கில் ஆல்பங்கள் வந்துவிடும். இடம் கீரிமலை. ஈர வேட்டியோடு படியில் குந்தியிருக்கிற ஒரு ஐயா, கையில் தர்ப்பை, கண் மூடியபடி. அடுத்த படம், அழுது முகம் கோணிப்போன ஒரு அம்மா, திரை முழுக்க அந்த முகம் மட்டும். பின்னால் கடல் கலங்கிய நீலமாய். மூலையில் எடுத்தவரின் பெயர் வெள்ளை எழுத்தில். அதற்குக் கீழே லென்ஸின் பெயர், சாதகக் குறிப்பு மாதிரி ஒரு எழுத்துக்கூட விடாமல். கொமன்ற்றில் இருபது பேர்: "அண்ணை, என்ன லென்ஸ்? நானும் வாங்கப் போறன்." அந்த அம்மாவிட்டக் கேட்டனீங்களோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

அந்த இருபது பேருக்கும் ஒழுங்கான பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். எந்த லென்ஸ், ஏன், எதற்கு என்று. கேட்கப்படாத அந்தக் கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது என்பது எங்கள் கட்சி. இரண்டையும் பிரித்து வைத்ததால்தான் எங்கட பெடியள் பிழையான லென்ஸை வாங்கி, அதைப் பிழையான இடத்தில் கொண்டுபோய் நீட்டுகிறார்கள்.

முதலில் பெயர். கடையில் ஒரு பெட்டியைத் தூக்கித் தருவார்கள்: கனன் இஎஃப்-எஸ் 55–250 மி.மீ. எஃப்/4–5.6 ஐஎஸ் எஸ்டிஎம். வாங்க வந்தவர் அதை மந்திரம் மாதிரிக் கேட்டுவிட்டு, "நல்லதோ அண்ணை?" என்பார். மந்திரம் ஒன்றுமில்லை. இது ஒரு விலாசம். வலது, இடது, சந்தி என்று பிரித்தால் வீடு வந்துவிடும்.

இஎஃப்-எஸ் என்பது எந்த உடலில் பூட்டலாம் என்பதைச் சொல்கிறது. கனனின் சிறிய சென்சர் கமராக்களுக்கு மட்டும். முழுச் சட்ட சென்சர் உள்ள கனனில் அது பூட்டுப்படாது. வெறும் இஎஃப் என்றால் இரண்டிலும் பூட்டலாம். ஆர்எஃப் என்றால் புதிய, கண்ணாடியில்லாத கமராக்களுக்கு. பழைய இஎஃப் லென்ஸை ஒரு இணைப்பான் போட்டுப் புதிய உடலில் பாவிக்கலாம், ஆனால் ஆர்எஃப் லென்ஸைப் பழைய உடலில் எந்த வழியாலும் பாவிக்க முடியாது. இதைத் தெரியாமல் கனடாவில் இருக்கிற மாமாவிடம் "70–300 ஒண்டு வாங்கி விடுங்கோ" என்று மட்டும் சொன்னால், மாமா பாவம் கடைக்காரன் தந்ததை வாங்கி ஆரிட்டையோ குடுத்து விடுவார். வந்து சேருவது அலுமாரியில் வைக்கத்தான் உதவும்.

நிக்கோனில் டிஎக்ஸ் என்றால் சின்ன சென்சர், எஃப்எக்ஸ் முழுச் சென்சர். சோனியில் வெறும் இ என்றால் சின்னது, எஃப்இ பெரியது. சிக்மா டிசி, டிஜி என்றும், டாம்ரன் டிஐ-2, டிஐ என்றும் அதையே சொல்கின்றன. ஒவ்வொரு கொம்பனியும் ஒரே விசயத்துக்குத் தனித்தனிப் பெயர் வைத்து எங்களைப் பேய்க்காட்டுகிறது, வேறொன்றுமில்லை.

55–250 என்பது குவியத்தூரம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் வில்லை என்ற பாடத்தில் கணக்குச் செய்து நாறியிருப்பீர்கள், அதே குவியத்தூரம்தான். இலக்கம் கூடினால் பார்வை குறுகும், பொருள் பெரிதாகும். சின்னச் சென்சரில் பார்வை இன்னும் குறுகும். கனனில் 1.6 மடங்கு, நிக்கோனிலும் சோனியிலும் 1.5 மடங்கு. ஆகவே சின்னச் சென்சர் கனனில் 250 பூட்டினால், முழுச் சட்டக் கமராவில் 400 தருகிற பார்வை கிடைக்கும். லென்ஸ் மாறவில்லை. படத்தின் ஓரத்தை வெட்டியது போல.

எஃப்/4–5.6 என்பதைத்தான் பலர் பிழையாக விளங்குகிறார்கள். இது ஒரு பின்னம். குவியத்தூரத்தை அந்த இலக்கத்தால் பிரித்தால், ஒளி உள்ளே வருகிற வாசலின் விட்டம் வரும். 200 மி.மீ.யில் எஃப்/2.8 என்றால் 200ஐ 2.8ஆல் பிரியுங்கள்: 71 மி.மீ. அந்தளவு அகலக் கண்ணாடி வேண்டும். 70–200 எஃப்/2.8 ஏன் ஒன்றரைக் கிலோ பாரம், ஏன் அந்த விலை என்பதற்கு இந்த ஒரு வரிக் கணக்குப் போதும். கனனின் இஎஃப் 70–200 எஃப்/2.8 மூன்றாம் பதிப்பு 1,480 கிராம். அதே நீளத்தில் எஃப்/4 இரண்டாம் பதிப்பு 780 கிராம். மேலே சொன்ன 55–250 வெறும் 375 கிராம். இரண்டு இலக்கம் போட்டிருந்தால், கிட்டக் கோணத்தில் எஃப்/4, முழுசாக நீட்டினால் எஃப்/5.6. எஃப்/2.8க்கும் 5.6க்கும் இடையில் ஒளி நாலு மடங்கு வித்தியாசம்.

இன்னொன்று. லென்ஸின் முன்வளையத்தில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு குறி, பக்கத்தில் 58 என்று இருக்கும். அது ஃபில்டர் பூட்டுகிற வளையத்தின் விட்டம். "58 எம்எம் லென்ஸ்" என்று பழைய சாமான் விளம்பரத்தில் போடுகிறவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். மூடி வாங்கத்தான் அந்த இலக்கம்.

ஐஎஸ் என்றால் கை நடுக்கத்தை லென்ஸுக்குள் உள்ள கண்ணாடி அசைந்து சரிக்கட்டும். நிக்கோன் அதை விஆர் என்கிறது, சோனி ஓஎஸ்எஸ், சிக்மா ஓஎஸ், டாம்ரன் விசி. நீள லென்ஸ் வாங்கும்போது இந்த எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஆனால் எங்கட ஊரில் கூடுதலாகக் கைமாறுகிறது எது? கனன் 75–300 எஃப்/4–5.6 மூன்றாம் பதிப்பு. 1999இல் வந்த லென்ஸ், நடுக்கம் தாங்கும் வசதி இல்லை. கமராவோடு இரட்டை லென்ஸ் பொதியில் சேர்ந்து வருவதால் மலிவு. "300 இருக்கு, 250ஐ விடப் பெரிசு தம்பி" என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள். கையில் பிடித்து 300இல் எடுத்துப் பாருங்கள். நடுக்கமில்லாமல் பிடிக்கக் குறைந்தது குவியத்தூரத்தின் தலைகீழ், அதாவது 1/300 விநாடி வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. சின்னச் சென்சரில் 1.6ஆல் பெருக்கினால் 1/500. ஆடி மாதச் சோளகம் அடிக்கிற கரையில் நின்று பிடித்தால் அதுவும் காணாது. அந்த 50 மி.மீ. வித்தியாசத்துக்கு ஆசைப்பட்டு ஐஎஸ்ஸை விடுகிறவர், மாடி கட்டப் படிக்கட்டை விற்றவர் மாதிரி.

நிக்கோனில் இதைவிட மோசம். ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70–300 இரண்டு வகை, ஒன்றில் விஆர் உண்டு, மற்றதில் இல்லை. உருவம் ஒன்றுபோலவே இருக்கும். விஆர் உள்ளதிலும் அதற்கான சுவிச் லென்ஸில் கிடையாது. பெயரில் அந்த இரண்டு எழுத்தை வாசித்தால்தான் உண்டு. ஏஎஃப்-பி என்பது மோட்டரின் வகை. டி90 போன்ற பழைய உடல்களில் அது ஃபோகஸே செய்யாது. மறுபக்கம், மோட்டர் இல்லாத பழைய ஏஎஃப் லென்ஸை டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் போட்டால் கையால்தான் திருப்ப வேண்டும். எஸ்டிஎம், யுஎஸ்எம் என்பனவும் மோட்டரின் பெயர்கள்தான். ஒன்று சத்தமில்லாமல் வழுக்கும், வீடியோவுக்கு வசதி. மற்றது பொதுவாக விரைவு.

பிறகு அந்தச் சிவப்பு வளையம். எல். கனன் அதை லக்சரி என்பதன் முதலெழுத்து என்கிறது. வெள்ளை நிறம் ஏன் தெரியுமா? பெரிய நீள லென்ஸ்களில் கனன் பாவித்த ஃபுளோரைட் பளிங்கு வெயிலில் விரியும், கறுப்பு உடல் சூட்டை இழுக்கும். அதனால் வெள்ளை பூசினார்கள். சூடு தாங்கப் பூசின பெயின்றை எங்கட ஆக்கள் பதவிச் சின்னமாக்கிவிட்டார்கள். தேர்த்திருவிழாவில் வெள்ளை லென்ஸ் வைத்திருப்பவருக்கு வழி விடுகிறார்கள், கறுப்பு லென்ஸ்காரரைத் தள்ளுகிறார்கள். இதைப் பற்றி ஒரு சமூகவியல் ஆய்வே செய்யலாம்.

சரி, எழுத்தெல்லாம் விளங்கிவிட்டது. எதை வாங்குவது?

இங்கேதான் நாங்கள் சண்டைக்கு வருகிறோம். பெயரில் இல்லாத ஒரு இலக்கம் தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறீர்கள்? அந்தத் தூரத்தைச் சென்சரின் அகலத்தால் பெருக்கிக் குவியத்தூரத்தால் பிரித்தால், படத்துக்குள் எத்தனை மீற்றர் அகலம் விழும் என்பது வரும். சின்னச் சென்சர் கனனின் அகலம் 22.3 மி.மீ. 250இல், 30 மீற்றர் தூரத்தில், 2.7 மீற்றர் அகலம், 1.8 மீற்றர் உயரம். ஒரு மனிதர் தலை முதல் கால் வரை படத்தை நிரப்பி நிற்பார். ஏழு மீற்றருக்கு வந்தால் தலையும் தோளும் மட்டும், கமராவை நிமிர்த்திப் பிடித்தால். கடைக்குப் போக முதல் இந்தக் கணக்கைப் போடுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு 300க்கு மேலே ஒன்றும் தேவையில்லை என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும், காசு மிச்சம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு, லென்ஸ் விசயத்தில் விளையாட்டுக் காட்ட ஆரிட்டையும் காசில்லை.

தூரம் இன்னொரு வேலையும் செய்கிறது. நீள லென்ஸ் முன்னையும் பின்னையும் ஒட்ட வைக்கும், கடலும் கேணியும் கோபுரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரிக் காட்டும் என்று சொல்வார்கள். அதைச் செய்வது லென்ஸ் இல்லை. அதே இடத்தில் நின்று 55இல் எடுத்து நடுவை வெட்டிப் பெருப்பித்துப் பாருங்கள், அதே நெருக்கம் வரும், தெளிவுதான் குறையும். பொருட்களுக்கு இடையிலான தோற்ற உறவைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கிற இடம் மட்டுமே. லென்ஸ் அந்த இடத்திலிருந்து எவ்வளவு அள்ளுவது என்பதைத்தான் சொல்கிறது. ஆகவே நீள லென்ஸ் வாங்குகிற ஒவ்வொருவரும் உண்மையில் வாங்குவது தள்ளி நிற்கிற வசதியை.

ஆரிட்ட இருந்து தள்ளி?

பறவை என்றால் நியாயம் கண்முன்னே இருக்கிறது. மன்னாரில் வங்காலைச் சரணாலயம், 2010இல் ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இங்கால சுண்டிக்குளம், 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பூநாரை ஒன்றேகால் மீற்றர் உயரம். கிட்டப் போனால் கூட்டமாகக் கிளம்பும். கண்டங்கள் தாண்டிப் பறக்கிற பறவை தின்ன வேண்டிய நேரத்தில் உங்கள் ஆல்பத்துக்காகப் பறந்து களைக்கும். நூறு மீற்றர் தள்ளி நின்று எடுக்க 250 காணாது, ஒன்பது மீற்றர் அகலச் சேறுதான் விழும். 600 என்றால் 3.7 மீற்றர். இங்கே டாம்ரன், சிக்மாவின் 150–600களுக்கு அர்த்தமிருக்கிறது. அவ்வளவு காசில்லாதவர் கனனின் புதிய உடல் வைத்திருந்தால் ஆர்எஃப் 100–400 எஃப்/5.6–8 பாருங்கள், 635 கிராம்தான். எஃப்/8 இருட்டு என்பார்கள். காலை எட்டு மணிக்குச் சுண்டிக்குளத்து வெயிலில் இருட்டு எங்கே இருக்கிறது? தள்ளி நிற்பது இங்கே பறவைக்குச் செய்கிற மரியாதை. லென்ஸின் பாரம் அந்த மரியாதைக்கு நாங்கள் குடுக்கிற கூலி.

கலியாணப் படக்காரருக்கு எஃப்/2.8 தேவை என்பதையும் மறுக்கமாட்டோம். கோயில் மண்டபத்து மங்கல் வெளிச்சம், ஓமப் புகை, தாலி கட்டுகிற அந்த நாலு விநாடி. ஐஎஸ் உங்கள் கையைத்தான் பிடிக்கும், மாப்பிள்ளையின் கையைப் பிடிக்காது. அதற்கு ஒளிதான் வேணும். அவர் தள்ளி நிற்பது சொந்தக்காரர் பார்க்க இடம் விடுவதற்கு, வீட்டுக்காரர் கூப்பிட்டு வந்தவர்.

கீரிமலைக் கேணியில் தள்ளி நிற்பது எதற்கு? பறவை பறக்கக்கூடாது என்பதற்கா? இல்லை. ஆள் பார்க்கக்கூடாது என்பதற்கு. பார்த்தால் முகத்தைத் திருப்புவார், சேலையை இழுத்து மூடுவார், "தம்பி, என்ன செய்யிறீர்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி காதில் விழாத தூரத்துக்குப் போவதற்காகத்தான் இந்த லென்ஸ் நீட்டப்படுகிறது. இதற்குக் கேண்டிட் என்று ஒரு அழகான சொல் வைத்திருக்கிறார்கள்.

கீரிமலை எங்களுக்கு என்ன இடம் என்பதைத் தெரியாமல் இதை விளங்க முடியாது. கீரிமுக முனிவர் இந்த நன்னீர் ஊற்றில் நீராடி முகம் மாறினார், குதிரைமுகம் வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே குளித்து முகம் பெற்றாள் என்பது கதை. முகம் மாறுகிற இடம் இது என்பதே ஐதீகம். கடலிலிருந்து சில அடி தள்ளி, சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் நல்ல தண்ணி வருகிறது. ஆண்களுக்கு ஒரு கேணி. பெண்களுக்குத் தனிக் கேணி, சுற்றிச் சுவர். அந்தச் சுவரை எங்கட பாட்டன்மார் என்னத்துக்குக் கட்டினார்கள் என்று நாங்கள் விளக்கம் எழுதத் தேவையில்லை. கடற்கரையில் ஈர உடுப்போடு நிற்கிற பெண்களுக்குச் சுவர் இல்லை. அங்கே சுவராக இருக்க வேண்டியது சுற்றி நிற்கிறவனின் கண். அதைத்தான் 300 மி.மீ. இடிக்கிறது.

இங்கே வருகிறவர் பலர் சாவு கொண்டாடி வருகிறவர். மரண அறிவித்தல்களைப் பாருங்கள், "அந்தியேட்டிக் கிரியைகள் கீரிமலையில்" என்ற வரி எத்தனையில் இருக்கும். ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்களின் நாள், சித்திரா பௌர்ணமி தாயை இழந்தவர்களின் நாள். விடிய வந்து தீர்த்தமாடி, எள்ளும் தண்ணியும் இறைத்து, வீட்டுக்குப் போய்ப் படைத்து, காத்தோட்டிக்காயின் கசப்போடு விரதம் முடிக்கிற நாள். அந்தக் கசப்பு சிலருக்குப் பத்து வருசத்துக்குப் பிறகும் போகாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கே எழும்பி ஓடியது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையங்களில் இருந்தவர்களுக்குத் தங்கட ஊர் சில கிலோமீற்றர் தூரம், ஆனால் முள்ளுக்கம்பிக்கு அங்கால. போர் முடிந்த பிறகு துண்டு துண்டாக விட்டார்கள். எல்லாக் காணியும் இன்னும் விடப்படவில்லை. கீரிமலையில் சனத்தின் காணிக்குப் பதிலாக ஒரு ஜனாதிபதி மாளிகை நிற்கிறது. இருபது வருசத்துக்கு மேலாக இந்தக் கரையைத் தூரத்திலிருந்து பார்க்கிற கண் காவலரணில் இருந்தது. பார்ப்பவன் தெரியமாட்டான், பார்க்கப்படுகிறவன் குனிந்து போவான். அந்த உறவு எங்கட ஆக்களுக்கு உடம்பில் ஊறியது. அதே படிக்கட்டில் இப்போது எங்கட பெடியனே மதிலுக்குப் பின்னால் ஒளிச்சு நிண்டு கண்ணாடி நீட்டினால் அந்த ஐயாவுக்கு உடம்பு எப்படிக் கூசும் என்று ஒருக்கால் யோசியுங்கோ.

இதைச் சொன்னால் மூன்று பதில் வரும்.

ஒன்று, "பொது இடம்தானே, சட்டப்படி பிழையில்லை." 2012இல் பிரான்ஸில் ஒரு மாளிகையின் மாடியில் இருந்த இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மனைவி கேட்டை நீள லென்ஸால் தூர இருந்து எடுத்து ஒரு சஞ்சிகை போட்டது. தெருவில் நின்றால் தெரியும்தானே என்பதுதான் அவர்களின் வாதம். 2017 செப்டெம்பரில் பிரெஞ்சு நீதிமன்றம் தம்பதியருக்கு 1,00,000 யூரோ நட்டஈடு குடு என்றது, ஆசிரியருக்கும் உரிமையாளருக்கும் தனியாகத் தண்டப் பணமும் விதித்தது. தெருவில் கால் நிற்பதும் ஒருவரின் தோலில் கண் நிற்பதும் வேறு வேறு என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட அந்த அம்மாவிடம் காசும் இல்லை, மாளிகையும் இல்லை. அதனால்தான் அவவின்ர முகம் இலவசம்.

இரண்டாவது, "ஆவணம் அண்ணை. எங்கட வலியை உலகம் பாக்க வேணும்." இதை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. ஆவணம் இல்லாமல் எங்களுக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் இருக்கத் தொடங்கிய அம்மாக்களைப் பாருங்கள். அவர்கள் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கமராவை நோக்கி நீட்டுகிறார்கள். எடுங்கோ என்கிறார்கள். அங்கே 18–55 போதும், ஏனென்றால் கிட்டப் போகலாம், போகவும் வேண்டும். கீரிமலைப் படியில் இருப்பவர் எதையும் நீட்டவில்லை. அந்தக் கூட்டத்தில் அப்பாவுக்குத் தண்ணி இறைக்கிற ஒருவர் இருப்பார். அப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் இறைக்கவும் ஏலாமல், வீட்டில் இருக்கவும் ஏலாமல், வந்து சும்மா இருக்கிற ஒருவரும் இருக்கக்கூடும். 300இல், எஃப்/5.6இல், பின்னணி கலங்கின படத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆரை நினைத்து அழுகிறார் என்பது இல்லை. இது எந்த வகை ஆவணம்? முகத்தைத் தவிர எல்லாத்தையும் கலங்கடிச்சுப்போட்டு, அதை வரலாறு எண்டு சொல்லாதேங்கோ.

மூன்றாவது, "கேட்டால் இயல்பு போயிடும்." போகட்டும். கேட்ட பிறகு வருகிற முகமும் ஒரு முகம்தான். உங்களைப் பார்க்கிற கண், கொஞ்சம் சந்தேகம், கொஞ்சம் களைப்பு, சில வேளை ஒரு சிரிப்பு. "எடும் தம்பி, ஆனா பேஸ்புக்கில போடாதையும்" என்றால் போடக்கூடாது. "வேண்டாம்" என்றால் கமரா பைக்குள். வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு அனுப்ப வீட்டுக்காரரே படம் எடுக்கச் சொல்கிற கிரியைகளும் எத்தனையோ. அங்கே எடுப்பவர் ஐயருக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிய நிற்கிறார். அவருக்கு 55க்கு மேலே எப்பவாவது தேவைப்பட்டிருக்குமோ தெரியேல்லை.

ஆகவே இருபது பேருக்கும் எங்கள் பதில். கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, துடுப்பாட்டம், படகு, கடல் என்று எடுக்கிறவர், சின்னச் சென்சர் கனன் வைத்திருந்தால், 55–250 ஐஎஸ் எஸ்டிஎம் பழசாக வாங்குங்கள். 75–300ஐ ஆரும் சும்மா தந்தாலும் ஒருக்கால் யோசியுங்கள். முழுச் சட்டக் கனன் என்றால் 2016இல் வந்த 70–300 ஐஎஸ் இரண்டாம் பதிப்பு. நிக்கோன் சின்னச் சென்சர் என்றால் ஏஎஃப்-பி 70–300, பெயரில் விஆர் இருக்கிறதா என்று பெட்டியை அல்ல, லென்ஸின் உடலையே வாசித்த பிறகு. உங்கள் உடல் அதைத் தாங்குமா என்பதையும் பாருங்கள். சோனியில் 55–210. டாம்ரனின் பழைய 70–300களில் விசி உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு, விலை மலிவாக இருந்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள். பறவைப் பைத்தியம் என்றால் 150–600, அதோடு நல்ல ஒற்றைக்கால் தாங்கி. மண்டபத் தொழில் என்றால் 70–200 எஃப்/2.8. தொழில் இல்லாமல் அதை வாங்குவது கழுத்துக்குத் தொழில் குடுக்கிறது.

பழசு வாங்கும்போது லென்ஸின் பின்பக்கத்தால் ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் தெரிந்தால் பூஞ்சணம், வைத்துவிட்டு வாருங்கள். எங்கட மாரிக்காலம் போதும் அது மற்றக் கண்ணாடிக்கும் பரவ. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், அது ஈரமானதும் மாற்ற வேண்டும். வேறு மந்திரம் இல்லை. கடற்கரையில் எடுத்தால் முன்னுக்கு ஒரு ஃபில்டர் போடுங்கள். உப்புத் தண்ணித் தூறல் பட்டதைக் காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். முதலில் நல்ல தண்ணி நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.

ஏற்கனவே ஆல்பம் போட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளே போய், கேட்காமல் எடுத்த முகங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றை எடுத்துவிடுங்கள். லைக் போகும், பரவாயில்லை. கோபுரமும் கடலும் ஊற்றுத் தண்ணியும் அங்கேயே இருக்கின்றன, எப்பவும் எடுக்கலாம்.

எங்களிடம் ஒரு 55–250 இருக்கிறது, கீறல் இல்லை, பூஞ்சணம் இல்லை. வாங்க முதல் பாவித்துப் பார்க்க விரும்புகிறவர் வந்து ஒரு கிழமைக்குக் கொண்டு போகலாம், காசு வேண்டாம். தேர், விளையாட்டுப் போட்டி, சுண்டிக்குளம், எங்கேயும் கொண்டுபோங்கோ. ஆடி அமாவாசைக் கிழமைக்கு மட்டும் கேக்காதேங்கோ, அது பெட்டிக்குள்ள இருக்கும்.